இனி வரும் எந்த நாடாளுமன்றமும்

சட்டம் எழுதுவது அவளுடைய வேலை. அமைச்சர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள்; பிரிவு, உட்பிரிவு போட்டு அவள் அதை மசோதாவாக்கித் தருவாள். அமைச்சர்களில் ஒருவன் கூடப்பிறந்த அண்ணனாக வாய்த்தது அவள் தலையெழுத்து.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்து நீக்கப்பட்டவர்களை மறுபடி வேலைக்கு எடுக்கக் கூடாது என்று அண்ணன் ஒரு மசோதா கேட்டான். நீக்கப்பட்டவர்களில் கிரேன் ஓட்டும் அவள் கணவனும் ஒருவன். தங்கை புருஷனை அண்ணனுக்குக் கண்டாலே ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

"கடைசியா ஒண்ணு சேரு," என்றான் அண்ணன், அவள் மேசை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு. "இனி வரும் எந்த நாடாளுமன்றமும் இதை மாத்தக் கூடாது."

"அது செல்லாதுண்ணா. இன்னைக்கு நீங்க போடுறதை நாளைக்கு வர்றவங்க எடுத்துடலாம். அவங்க கையை நீங்க கட்ட முடியாது."

"புருஷனுக்காகப் பேசுறியா?"

"சட்டத்தைப் பேசுறேன். அரசியல் பக்கமே போகக் கூடாதுன்னு அப்பா உன்கிட்ட சத்தியம் வாங்கினாரே, அவர் கண்ணை மூடினதும் நீ என்ன பண்ணினே?"

"எழுதுடி!"

எட்டாம் பிரிவாக எழுதிக் கொடுத்தாள். நாடாளுமன்றத்தில் மேசையைத் தட்டித் தட்டி நிறைவேற்றினார்கள். அன்றிலிருந்து கணவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த தேர்தலில் அண்ணனின் கட்சி மண்ணைக் கவ்வியது. புதிய அரசு வந்த கையோடு, அந்தச் சட்டத்தை நீக்கி, துறைமுகத்து ஆட்களை மறுபடி வேலைக்கு எடுக்க ஒரு மசோதா எழுதச் சொன்னது. எட்டாம் பிரிவு தடுக்குமே என்று ஒருவரும் கவலைப்படக்கூட இல்லை. அவள் வயிற்றெரிச்சல் அன்றுதான் கொஞ்சம் அடங்கியது.

சேதி கேட்டு அண்ணன் ஃபோனில் கத்தினான். "வேணும்னே ஓட்டை விட்டு எழுதியிருக்கே. நாங்க திரும்ப வராமலா போயிடுவோம்? வந்த முதல் நாளே உன் புருஷனை வெளியே தள்ளுறேன் பாரு."

செய்யக்கூடியவன்தான். பயந்துபோய்க் கணவனிடம் சொன்னாள்.

"அப்போ அந்த மசோதாவுலயே எழுது," என்றான் அவன். "இனி எவன் வந்தாலும் எங்க மேல கை வைக்கக் கூடாதுன்னு."

"எழுதினாலும் செல்லாதுங்க."

"உன் அண்ணனுக்கு எழுதினியே, அது மட்டும் செல்லுமா?"

"செல்லாதுன்னு அப்பவே சொன்னேன்."

"சொல்லிட்டு எழுதினே இல்ல? அவன் கேட்டா கை தானா எழுதுது. நான் கேட்டா உனக்குச் சட்டம் ஞாபகம் வருது."

கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போனான். அவளும் ஆத்திரத்தோடு கிளம்பினாள். அலுவலகத்துக்குப் போய் மசோதாவைத் திறந்து, செல்லாது என்று தெரிந்தே, அவன் கேட்டதை ஒரு சொல் பிசகாமல் எழுதினாள்.