கதவுக்கு வலப்பக்கத் தகடு

1

"அந்த மெசினை நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லுறன்."

"நடுவில நிப்பாட்டினா வட்டம் வட்டமாத் தெரியும். விளங்காமக் கதையாதையும்."

"தெரியட்டும். எங்கட வீட்டுச் சங்கதி எல்லாம் ரோட்டுக்குத் தெரியுதுதானே, இதுவும் தெரியட்டும்."

இந்தக் கதை இங்கேதான் பிறந்தது. அதாவது, இங்கேதான் நான் என் குசினி யன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தேன். (அதுவரை மூடியிருந்தது என்றுதான் முதல் வரைவில் எழுதியிருந்தேன். மூடியிருக்கவில்லை.)

கத்திக்கொண்டிருந்தவர்கள் என் எதிர்வீட்டு றெக்ஸ் அண்ணையும் அவருடைய மனைவி அல்போன்சம்மா அக்காவும். இடம், பாதிப்பேர் பிரெஞ்சு பேசும் ரொக்ஸ்பரோவில் எங்கள் தெரு, ஜூலை மாதம், சனிக்கிழமை காலை. கையில் மினுக்குகிற மெசினோடு அவர். மெசினுக்கும் ட்ரெயிலருக்கும் நடுவில், வீட்டுச் சட்டையோடு அக்கா. ட்ரெயிலர் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகும் பழைய அலுமினியப் பயண வீடு. அறுபதுகளில் செய்தது. பேக்கரியில் வாங்கும் ஒரு இறாத்தல் பாணின் வடிவம். மூன்று வருடமாக அவர்களுடைய வீட்டு வாசலில், காரை வீதியில் நிறுத்தவைத்துவிட்டு, அது நிற்கிறது.

நீங்கள் கேட்பீர்கள், எதிர்வீட்டுச் சண்டையில் உனக்கென்ன என்று. என் கணவரும் அதைத்தான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்: பொறுங்கள்.

2

இதற்கு முன் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"உலோகம் எதையும் மறப்பதில்லை என்று சொன்னால் அது—" (இல்லை. ரொக்ஸ்பரோவில் யாரும் இப்படிப் பேசுவதில்லை.)

"ஒரு ஊரில் ஒரு ட்ரெயிலர் இருந்தது. அதற்கு இரண்டு—"

"டனிஸ்ரன் அதைச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஒரு கமக்காரனின் கொட்டிலுக்குப் பின்னால், கோழிகள் குடியிருந்த நிலையில் கண்டெடுத்தபோது அவனுக்கு இருபத்தொன்பது வயது."

இது நிற்கட்டும். டனிஸ்ரன் றெக்ஸ் அண்ணையின் ஒரே பிள்ளை. நிரோஜா என்கிற பெண்ணுக்கும் அவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் முடிந்ததும் அந்தப் பாணுக்குள் ஏறி காஸ்பே வரை கடலோரமாகப் போவது அவர்களுடைய திட்டம். அந்தக் கோடையில் அவன் உள்ளே இருந்த உளுத்த பலகைகளைக் கழற்றி எறிந்தான். கோழிகளின் மிச்சத்தைக் கழுவினான். வெளியே, கதவுக்கு வலப்பக்கம், ஒரு தகட்டில் மட்டும் பழைய பூச்சைச் சுரண்டி மினுக்கிப் பார்த்தான், எப்படி வரும் என்று. வந்தது. அதில் முகம் பார்த்துத் தலை சீவினான். நான் பார்த்தேன்.

நவம்பரில், "நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் அன்று காலை உறைந்திருந்த"

இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். என்னால் இதை முடிக்க முடியாது, முடித்தாலும் நீங்கள் வாசிக்கக் கூடாது.

3

றெக்ஸ் அண்ணை என்கிற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. கதையில் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் அழவேண்டும், அல்லது குடிக்கவேண்டும். இவர் இரண்டும் செய்யவில்லை. தேவாலயத்தில் ஞாயிற்றுப் பூசைக்குப் போவதை நிறுத்தினார், அவ்வளவுதான். அக்கா தனியாகப் போய் வந்தார்.

இருபத்தாறு வருடம் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், தகடுகளைப் பொருத்தும் ரிவெட் ஆணி அடித்தவர். அந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டும், கதை அதில்தான் தொங்குகிறது. தகட்டின் வெளிப்பக்கம் ஒருவர் சுத்தியல் துப்பாக்கியால் ஆணியை அடிப்பார். உட்பக்கம் இன்னொருவர் கனத்த இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் அழுத்திப் பிடிப்பார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இரைச்சலில் கதையும் கேட்காது. அதனால் உள்ளே நிற்பவர் தகட்டில் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் சரி. மூன்று தட்டு என்றால் பிழையாகிவிட்டது, கழற்று.

றெக்ஸ் அண்ணை இந்தப் பாஷையை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார்.* டனிஸ்ரன் பதினாறு வயதில் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்த காலத்தில், இவர் வெளியே நின்று இரண்டு முறை தட்டுவார். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தால் திரும்பிப் போய்விடுவார். அது போதும் அவருக்கு.

*இதை அல்போன்சம்மா அக்காதான் எனக்குச் சொன்னார், சிரித்துக்கொண்டு, அவர் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில். தேப்பனும் மகனும் மரங்கொத்தி மாதிரி, என்றார்.

4

இப்போது அந்தக் கை.

தலை சீவிய அன்றோ வேறொரு நாளோ, டனிஸ்ரன் தான் மினுக்கிய தகட்டில் உள்ளங்கையை ஊன்றியிருக்கிறான். துடைக்கவில்லை. பூச்சில்லாத அலுமினியம் வியர்வையை வாங்கிக்கொள்ளும் உலோகம். குளிர்காலம் முழுக்க அது தார்ப்பாய்க்குள் கிடந்தது. வசந்தத்தில் அக்கா பாயின் ஓரத்தைத் தூக்கியபோது தகட்டில் ஒரு வலது கை, சாம்பல் நிறத்தில், ஐந்து விரலும் ரேகையும் தெரியப் பதிந்திருந்தது.

அவர் அதைச் சுற்றிப் பச்சை நாடா ஒட்டி, மேலே கண்ணாடித் தாள் போட்டு மூடினார். இரண்டு வருடம் யாரும் அதைத் தொடவில்லை.

(அது வேறு யாருடைய கையாகவும் இருக்கலாம் என்று ஒருமுறை என் கணவரிடம் சொன்னேன். பிறகு ஒருநாள் அவர்கள் இல்லாத நேரம் பார்த்துக் கிட்டப் போனேன். சுண்டு விரல் வெளியே வளைந்திருந்தது. டனிஸ்ரனுக்குக் கிரிக்கெட்டில் முறிந்து கோணலாகப் பொருந்திய விரல். அன்றைக்கு அதன்மேல் என் கையை வைத்துப் பார்க்கத் தோன்றியது. வைக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.)

இந்த வருடம் மே மாதத்தில் றெக்ஸ் அண்ணை திடீரென்று மெசினோடு வெளியே வந்தார். பின்பக்கத்தில் தொடங்கி, கபிலநிற மினுக்கு மருந்து பூசி, தகடு தகடாக மினுக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றுக்கும் மூன்று தரம். கறுப்புக் கூழாக அழுக்கு வழிந்தது. அந்தக் கறுப்பு அப்பிய முகத்தோடு டெபனருக்கு, அதுதான் மூலைக்கடைக்கு, பால் வாங்கப் போனால் அங்கே நிற்கும் பெண் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்ல மறந்துவிடுவாள்.

ஜூனில் எங்கள் தெருவே ட்ரெயிலரின் மினுங்கிய தகடுகளில் கண்ணாடிபோல் தெரிந்தது. மேப்பிள் மரம், தபால்காரி, என் குசினி யன்னல், யன்னல் திரை, திரையின் நடுவில் நான். ஒருநாள் அல்போன்சம்மா அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். திரும்பாமலே சொன்னார்: "திரையை வடிவா இழுத்துவிட்டிட்டுப் பார் பிள்ளை. கழுத்து நோகப்போகுது."

5

பொறுங்கள் என்றேன் அல்லவா. இந்தப் பகுதியை மூன்று தரம் அழித்தேன்.

கதையின் பிறப்பிடம் என்று முதலில் சொன்னது பொய். கதை அதற்கு ஆறு நாள் முன்னால், அக்காவுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய ஒரு புட்டுச் சட்டியோடு நான் தெருவைக் கடந்தபோதே பிறந்துவிட்டது.

அக்கா பூசைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நிரோஜா வந்துகொண்டிருந்தாள். பத்தரைக்கு வருவாள். ட்ரெயிலர்ப் படியில் இருந்து, றெக்ஸ் அண்ணை மினுக்கி முடித்த தகடுகளைப் பஞ்சுத் துணியால் துடைப்பாள். அதிகம் பேசமாட்டார்கள். அவளுக்கு ஆரூரன் என்கிற நல்ல பொடியனோடு செப்டம்பரில் கல்யாணம். றெக்ஸ் அண்ணை அவளிடம் சொன்னது காற்றோடு என் யன்னலுக்கு வந்தது. இது உனக்குத்தான் பிள்ளை, அவரோடு காஸ்பேக்குப் போ, என்றார். அவள் துணியில் முகத்தைப் புதைத்தாள். எடுத்தபோது நெற்றியெல்லாம் கறுப்பு.

மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று அந்த மனிதர் வழி தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. சட்டியைக் கொடுத்தேன். ஞாயிறு ஞாயிறு நிரோஜா வாறாள் அக்கா, தெரியும்தானே, என்றேன். தெரியாது என்று தெரிந்துகொண்டுதான் கேட்டேன். ட்ரெயிலர் யாருக்குப் போகிறது என்பதையும் சொன்னேன்.

அக்கா கோபிக்கவில்லை. சட்டியைத் திருப்பிப் பார்த்து, நல்லா மினுக்கியிருக்கிறாய், என்றார்.

6

இனிச் சண்டைக்குத் திரும்பலாம். மெசின் பச்சை நாடாவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு தகடுதான்.

"முழுக்க மினுக்குங்கோ. ஆருக்கெண்டாலும் குடுங்கோ. இதில மட்டும் கை வைக்காதேங்கோ," என்றார் அக்கா.

றெக்ஸ் அண்ணை மெசினை நிறுத்தினார். காதுக் கவசத்தைக் கழற்றினார். அதன் பிறகு அவர் சத்தமாகப் பேசவில்லை, அதனால் நான் மூச்சை நிறுத்திக் கேட்க வேண்டியிருந்தது.

"அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் இந்தக் கதவாலதான் ஏறோணும். ஏறேக்க ஏறேக்க இவன்ர கை கிடந்தா, அது எப்பிடி இன்னொருத்தனோட வாழும்?"

"நான் எப்பிடி வாழுறது?"

எழுதுகிறவள் நான், ஒரு பதிலை அவர் வாயில் வைத்திருக்கலாம். வைத்துப் பார்த்தேன். எல்லாமே ஆறுதல் அட்டையில் அச்சடித்த வசனங்களாக இருந்தன.

அக்கா தகட்டைப் பார்த்துக் கேட்டார்: "கழட்டலாமோ அதை?"

கழட்டலாம், என்றார் அவர். புதுத் தகடு வெட்டிப் போடலாம். ஆனால் ரிவெட் அடிக்க உள்ளே ஒரு ஆள் வேண்டும். பழைய கூட்டாளி ஒருவன் இருக்கிறான், கேட்டுப்பார்க்கிறேன் என்றார்.

"வேற ஆக்கள் வேண்டாம். நான் நிக்கிறன்."

மகன் போன நாளிலிருந்து அக்கா அந்த ட்ரெயிலருக்குள் கால் வைத்ததில்லை.

7

அடுத்த சனிக்கிழமை. பழைய தகடு கழன்று, ஒரு போர்வையில் சுற்றி, வீட்டுக்குள் போயிருந்தது. இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை, அதனூடாக அக்காவின் மார்பும் கையும் மட்டும் தெரிந்தன. றெக்ஸ் அண்ணை புதுத் தகட்டை வைத்து மூடினார். அக்கா மறைந்தார்.

உள்ளே அவர் பார்த்தது: டனிஸ்ரனின் அளவு நாடா, பென்சிலால் சுவரின் விலாச் சட்டங்களில் எழுதிய இலக்கங்கள், காய்ந்துபோன கோப்பி—

(எனக்குத் தெரியாது. நான் உள்ளே போனதில்லை. இந்த வரியை வெட்டிவிடுகிறேன்.)

எனக்குக் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். துப்பாக்கி ஒருமுறை கடகடத்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு தட்டு. மறுபடி கடகடப்பு. இரண்டு தட்டு. அடுத்த ஆணி. ஒரு தட்டு. இரண்டு தட்டு. மூன்று வருடத்தில் அந்த இரண்டு பேரும் இவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை. யன்னலில் நின்று எண்ணினேன். முப்பத்தொன்பது ஆணி.

நாற்பதாவது, கீழ்வரிசையில் கதவோரத்திலிருந்து மூன்றாவது. துப்பாக்கி அடித்தது. உள்ளேயிருந்து எதுவும் வரவில்லை.

றெக்ஸ் அண்ணை காத்துநின்றார். கவசத்தைக் கழற்றிக் காதைத் தகட்டோடு வைத்தார். பிறகு துப்பாக்கியைப் புல்லில் வைத்துவிட்டு, மடக்கிய விரல் மொட்டியால், மெதுவாக, இரண்டு முறை தட்டினார்.

நம்பமாட்டீர்கள், அந்த நேரம் பார்த்து ரயில் போனது. கதைக்காக நான் விட்ட ரயில் என்றால் நீங்கள் சிரிக்கலாம். எங்கள் தெருவுக்குப் பின்னால் நிலையம் இருக்கிறது, வந்து பாருங்கள். ரயில் போய் முடிந்தபோது அவர் அடுத்த ஆணிக்குப் போயிருந்தார். தகட்டைப் பார்க்காமல், கையால் தடவிக்கொண்டு.

8

முடிவுகள்.

அ. இரண்டு தட்டு வந்தது. வேலை முடிந்து இருவரும் படியில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். அக்கா சிரிக்கிறார். (இந்த இடத்தில் நிறுத்தினேன். அந்தச் சிரிப்பை எழுதுவதற்கு அது எப்படி இருந்தது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.)

ஆ. ஒன்றுமே வரவில்லை. (அப்படியென்றால் அவர் எப்படி அடுத்த ஆணிக்குப் போனார்?)

இ. மூன்று

நடந்ததைச் சொல்கிறேன். நிரோஜாவுக்கும் ஆரூரனுக்கும் செப்டம்பரில், பியர்போனில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. றெக்ஸ் அண்ணை தனியாக வந்து முன்வரிசையில் இருந்தார். மறுவாரம் பொடியன் ட்ரெயிலரைக் கொழுவிக்கொண்டு போனான். காஸ்பே பார்த்துவிட்டு, அப்படியே வேலைக்கு மொங்டனுக்குக் குடிபோய்விட்டார்கள்.

அக்டோபரில் அல்போன்சம்மா அக்கா ஏஜக்ஸில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனார். குளிர் முடிய வாறன் என்றார். போர்வையில் சுற்றிய தகட்டைப் பெட்டிகளோடு வைக்க விடாமல், காரில் மடியில் வைத்துக்கொண்டார். போவதற்கு முதல்நாள் றெக்ஸ் அண்ணை அதன்மேல் தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசி, வாசலில் காயவைத்து, ஈ இருக்காமல் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தார். இனி அந்தக் கை கறுக்காது, மங்காது. குளிர் முடிந்தது. அக்கா வரவில்லை. ஏப்ரலில் வீடு விலைப்பட்டது. றெக்ஸ் அண்ணை இப்போது நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அறை அப்பார்ட்மெண்டில் இருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று அவருக்குத் தெரியாது.

புட்டுச் சட்டி என்னிடமே திரும்பி வந்தது. போகிற அன்று அக்கா என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஒன்று மிச்சம். ஆரூரன் ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு என் யன்னலைக் கடந்தபோது, கடைசியாக நன்றாகப் பார்த்தேன். புதுத் தகட்டில் ஆணிகள் மணி கோத்தது போல் நேராக இருந்தன. கீழ்வரிசையில் மூன்றாவது மட்டும் தலை சரிந்து, ஒருபக்கம் நசிந்து நின்றது. இருபத்தாறு வருடம் விமானத்துக்கு ஆணி அடித்த மனிதர் அதைக் கழற்றவில்லை. விட்டுவிட்டார்.

உள்ளேயிருந்து எத்தனை தட்டு வந்தது என்று இனி நீங்கள் முடிவு செய்யுங்கள். இருபதாம் இலக்க நெடுஞ்சாலையிலோ, மொங்டனில் ஒரு வீட்டு வாசலிலோ, பாண் வடிவத்தில் ஒரு வெள்ளி ட்ரெயிலரைக் கண்டால் கிட்டப் போங்கள். கதவுக்கு வலப்பக்கம், கீழ்வரிசை, மூன்றாவது ஆணி. விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்.

பார்த்த பிறகு, உங்கள் கை பட்ட இடத்தைத் துடைத்துவிட்டு வாருங்கள்.