புன்மா சுற்றிப்போன வாசல்

தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில், தெற்கு மதிலில் மேற்கோரமாக இருக்கிறது சுவன் ப்ருங் வாசல். நாங்கள் சாவு வாசல் என்போம். மதிலுக்குள் செத்தவர்களை அது வழியாகத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். வெளியே செத்தவர்களை எந்த வாசல் வழியாகவும் உள்ளே கொண்டுவரக் கூடாது. நடந்து போகிறவர்களுக்குத் தடையில்லை. படுத்தபடி அதைக் கடப்பது பிணம் மட்டும்தான்.

வாசலுக்கு வெளியே அகழி, அதைத் தாண்டினால் ஹாய்யா சுடுகாடு. அந்தக் காலத்து அரசர்கள் சண்டையில் பிடித்துவந்தவர்களை அந்தப் பக்கத்தில்தான் குடிவைத்தார்கள். வாசலுக்கு உட்புறத் தெருவிலும் யாரும் விரும்பிக் குடிவரவில்லை. எங்கள் வீடு அங்கேதான் இருந்தது. நான், கணவர் புன்மா, காய்ச்சலில் கால் விளங்காமல் போன அவர் அம்மா ஸ்ரீவய்.

ஜப்பான்காரர்கள் ஊரில் இருந்த வருஷம், சாலை போடக் கல் வேண்டுமென்று மதிலை இடித்தார்கள். சாவு வாசலில் கடப்பாரை வைக்க ஆள் கிடைக்கவில்லை. புன்மா போனார்.

"ஏண்டா, வாசலை இடிச்சுட்டா பேய்ங்க வழி தெரியாம உன் வீட்டுக்குள்ள வந்துரும்டா" என்றார் அவரோடு வேலை செய்த கம்மூன்.

"வரட்டுமே அண்ணே. எங்கம்மா வாயைக் கேட்டா அதுங்களே ஓடிப்போயிரும்."

வீட்டுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. "பேசறதைப் பாரு. கல்லைப் பாத்து இடிடா!"

புதுவருஷத்துக்கு முந்தைய வெயில் நாளில் வாசலை ஒட்டிய மதில் வெளிப்பக்கமாகச் சரிந்தது. புன்மா இடுப்பு வரை அடியில் இருந்தார். நான் ஓடிப்போனபோது அவரை இழுத்து அகழியோரம் கிடத்தியிருந்தார்கள். முகமெல்லாம் செங்கல் தூள்.

"அம்மாகிட்டக் கொண்டுபோங்க" என்றார்.

மூங்கிலைக் கட்டி அவரைத் தூக்கினார்கள். வாசல் வழியாகப் பார்த்தால் எங்கள் கூரை தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பியதும் அவர் கம்மூனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இது வழியா வேணாம். நான் இன்னும் சாகல."

"வீடு இந்தா இருக்குடா!"

"படுக்கப்போட்டு இது வழியா தூக்கிட்டுப் போனா அம்மா என்ன நெனப்பா? அடுத்த வாசலுக்குப் போங்க."

சாவு வாசலில் மீதி இருந்தது ஒரு தூணும் பாதி வளைவும்தான். ஆனாலும் மூங்கிலைத் திருப்பினார்கள். அகழியோரமாகக் கிழக்கே நடந்தோம். நிழலே இல்லை.

"மெல்லண்ணே. பன்னியவா சந்தைக்குக் கொண்டுபோறீங்க?" என்றார் புன்மா. தூக்கியவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அடுத்த வாசலின் பாலம் ஏறும்போது அவர் கை நழுவித் தொங்கியது. கம்மூன் இறக்கி வைக்கச் சொல்லி, நெஞ்சில் காது வைத்துக் கேட்டார்.

"தூங்கறாருன்னு சொல்லி உள்ள போயிரலாம்ண்ணே" என்றேன். "அம்மா ஒரு தடவ பாக்கட்டும்."

"ஊரே காய்ச்சல்ல கெடக்குதும்மா. பொணத்தை உள்ள கொண்டுபோனா, நாளைக்கு எவன் செத்தாலும் உங்களைத்தான் சொல்லுவாங்க. அந்தக் கெழவி தாங்குமா?"

வந்த வழியே திரும்பினோம். அவரைச் சுடுகாட்டு மரத்தடியில் வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். அத்தை வெள்ளை நூலை மடியில் முறுக்கிக்கொண்டிருந்தார், பயந்து ஓடிய உயிரை மகன் கையில் கட்டி நிறுத்துவதற்காக.

"எங்க அவன்?"

"அடுத்த வாசல் வரைக்கும் வந்தாரும்மா."

நூலை முறுக்கிய விரல் நின்றது. "வீட்டெதிர்ல விழுந்தவன் அங்க ஏன் போனான்?"

சொன்னேன்.

"முட்டாப்பய" என்றார். "நான் என்ன நெனப்பேன்னு என்கிட்டல்ல கேக்கணும்."

பிறகு, அவனைத் தூக்கிய மூங்கிலைக் கொண்டுவரச் சொன்னார். கம்மூன் வந்து கெஞ்சினார்.

"வேணாம்க்கா. உசுரோட இருக்கறவங்களைப் படுக்கவச்சு அது வழியா தூக்கக் கூடாது. சுத்திக் கொண்டுபோறோம்."

"சுத்திப் போயி ஒருத்தன் போயாச்சு. தூக்குடா."

பிணம் போகும்போது சாத்துவதுபோலத் தெருவில் கதவுகளைச் சாத்தினார்கள். மல்லாந்து படுத்திருந்த அத்தை கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். அந்தப் பாதி வளைவு அவர் முகத்துக்கு மேலாக நகர்ந்து போனது.

மகன் பக்கத்தில் இறக்கினோம். ஈரத்துணியால் புருவத்திலிருந்த செங்கல் தூளைத் துடைத்தார்; காது மடிப்பிலும் துடைத்தார். முகம் அவன் முகமாக வரும்வரை விடவில்லை. நூலை எடுத்து மகன் கைக்குக் கொண்டுபோனவர், நிறுத்தி, என் கையை இழுத்துக் கட்டினார்.

எரித்து முடிந்ததும் கம்மூன், "போலாம்க்கா. இந்தத் தடவ நல்ல வாசல் வழியா" என்றார்.

"அது வழியா படுத்தபடி வெளிய வந்தவ திரும்பிப் போறதில்லடா. உனக்குத் தெரியாதா?"

நானும் போகவில்லை. ஹாய்யாவில் ஒரு குடிசை போட்டுக்கொண்டோம். பழைய வாசலின் கல்லெல்லாம் சாலைக்கு அடியில் போனது. வெகுகாலம் கழித்து நகரத்தார் புதுச் செங்கல் வைத்து அதே இடத்தில் வாசலைக் கட்டினார்கள். அதற்குள் அத்தை இறந்திருந்தார். அவரைக் கொண்டுபோக எந்த வாசலும் தேவைப்படவில்லை.