நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு

சீட்டில் இருந்த மருந்தின் பெயரை அடித்துவிட டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றியதும், ஊர்த் தண்ணீர் வால்வுக்காரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"நிமிஷத்துக்குப் பத்துச் சொட்டுதான் விட்டோம். அதுக்கே உங்களுக்கு மூச்சு முட்டி, முதுகு வலிச்சு, முகமெல்லாம் சிவந்து போச்சு. இனிமே விஷப்பரீட்சை வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

"வேற மருந்து இருக்கா மேடம்?" பக்கத்து நாற்காலியிலிருந்த வால்வுக்காரரின் மனைவி கேட்டாள்.

"இந்த அளவுக்குக் கேக்கற மருந்து இல்லம்மா. பழைய மருந்து உங்க இதயத்தைக் கொஞ்சம் தளர்த்திடுச்சு. அதனாலதான் அதையே கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிக்குள்ள அடைச்சு அனுப்பினோம். இதயத்தை அதிகம் தொடாம கட்டிக்குப் போய்ச் சேரும். ஆனா உங்க ரத்தத்துல இருக்கற காவல்காரங்க, குமிழியைப் பார்த்துக் கிருமின்னு நினைச்சு ஊரையே கூட்டிட்டாங்க."

காவல்காரர்களை உசுப்பிவிட்டது யாரென்று அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

வால்வுக்காரருக்கு இருபத்திரண்டு வருஷமாக ஊர்க் குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை. நான்கு மாதமாக மனைவி, சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். இவர் மட்டும் தனியாக, இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில். திட்ட ஆளில்லாத வீட்டில் ஈரத்துண்டு கட்டிலில் விழுந்து, கட்டிலிலேயே காய்ந்தது. ஒரு நாள் அவர் வேண்டுமென்றே பாலைப் பொங்கவிட்டுப் பார்த்தார். பால்தான் போயிற்று.

மூன்று நாளைக்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி குத்திய கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "சீக்கிரம் முடிஞ்சா, இன்னிக்கு ஒரு ராத்திரி நம்ம வீட்டுல படுத்துட்டு வரேங்க."

கடைசிப் பஸ் ஐந்தரைக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள். மருந்தோ, சொட்டுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சொட்டியது. மருந்துக் குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம். அதைத் திருப்ப அவர் முடிவு செய்யவே இல்லை, கட்டைவிரல் செய்தது. சொட்டு நூலாக இறங்கியது. இரண்டே நிமிஷத்தில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நர்ஸ் ஓடி வருவதற்குள் சக்கரத்தைப் பழையபடி திருப்பியதும் அதே விரல்தான்.

பேனா முனை தாளைத் தொட்டது.

"அடிக்காதீங்க மேடம்."

"என்ன சார்?"

"பத்துச் சொட்டு இல்ல. நான் திறந்துவிட்டேன்."

வாசலில் நின்ற நர்ஸ்தான் முதலில் பேசினாள். "மூணு நாளா என் கை மேலேயே எனக்குச் சந்தேகம் சார். சோறு இறங்கல."

அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. டாக்டரம்மாவின் முகம் கடுத்தது. "உயிரே போயிருக்கும், தெரியுமா? குமிழி கொஞ்சம் கொஞ்சமா வந்தா உடம்பு பெரும்பாலும் சமாளிச்சுக்கும். மொத்தமா வந்தா பயந்துடும்." பேனாவை மூடினார். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்க்கலாம். மறுபடி இப்படி ஆச்சுன்னா இந்த மருந்தை மறந்துட வேண்டியதுதான். மருந்து ஏத்தறப்ப இவர் உள்ளே வரக்கூடாது."

மாடிப்படிக்கு வந்ததும் மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"என்ன அவசரம் உங்களுக்கு?"

"கடைசிப் பஸ்ஸு... நீ வீட்டுக்கு வரேன்னியே."

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். "ஊருக்கே அளந்து விடறவரு. பொண்டாட்டிக்கு மட்டும் அளவு தெரியல." திட்டுதான். ஆனால் அதோடு படியிறங்கத் தொடங்கிவிட்டாள். இன்னும் நாலு வார்த்தை திட்டமாட்டாளா என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் காலை அவரைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே டாக்டரம்மாவே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முதல் கால் மணி நேரம்தான் கண்டம். சொட்டு விழுவது இவ்வளவு தூரத்துக்குத் தெரியவில்லை. அவள் முகமும் துணித் தொப்பிக்குள் பாதி மறைந்திருந்தது. போன தடவை சிவப்பு முதலில் ஏறியது காது மடலில். அதைத்தான் அவர் தேடினார். கண்ணாடியில் மூச்சு படர்ந்தது, துடைத்தார், மறுபடி படர்ந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். என்ன தேடுகிறார் என்று புரிந்திருக்க வேண்டும். ஊசியில்லாத கையால் தொப்பியை மெல்ல மேலே தள்ளி, காதை அவர் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டு அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.