தண்ணீர் நிற்காத மேட்டு வயல்

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் மார்ச் பிறந்தால் பனி உருகி மண் சாலையெல்லாம் கூழாகிவிடும். தபால்காரர் வண்டியைக் கைவிட்டு நடப்பார். பள்ளிப் பேருந்து பாதி வழியில் உட்கார்ந்துவிடும். ஊரே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வானத்தைத் திட்டும் அந்தப் பருவத்துக்காக வருஷம் முழுக்க ஆசையாகக் காத்திருந்த ஒரே ஆள் ஓரின் ஹாஸ்கல்.

எல்லாம் ஆற்றுக்கு மேலே திட்டாக நின்ற அவருடைய மேட்டு வயல் கொடுத்த திமிர். பனிப்பாறை உருகிய காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஏரியாக இருந்ததாம். அந்த ஏரி அடியில் படியவிட்ட மாவு போன்ற வண்டல்தான் ஓரினின் வயல். மருந்துக்குக்கூடக் கல் கிடையாது. குளிர் முடிந்ததும் நிலம் துப்புகிற கற்களை மற்றவர்கள் பொறுக்கி முதுகொடிய, ஓரின் வேலியோரம் கை கட்டி நின்று யோசனை சொல்வார். எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கிப் போய்விடும். அந்த ஏரியை ஏதோ தன் வீட்டுப் பெரியவர்கள்தான் வாளியில் மொண்டு ஊற்றினார்கள் என்பது போலத்தான் அவர் பேச்சு இருக்கும்.

அதே ஏரி, கீழே பக்கத்து நிலத்துக்காரன் வெண்டல் கோல்பிக்கு விட்டுப்போனது சாம்பல் நிறக் களிமண். அங்கே ஜூன் வரை தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் ஊரில் முதல் ஆளாக உழவைத் தொடங்கும் ஓரின், டிராக்டரை மேட்டின் விளிம்பு வரை ஓட்டி வந்து நிறுத்துவார். கீழே வெண்டலும் அவன் அண்ணன் ஏமோஸும் புதைந்த டிராக்டரைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஓரின் தொப்பியைக் கழற்றி, உயரத் தூக்கி, நிதானமாக ஒரு வணக்கம் வைப்பார். முப்பது வருஷமாக இது நடந்தது.

அந்த வருஷம் ஏமோஸ் ஜனவரியில் இறந்துபோனான். குளிர்காலத்தில் நிலம் இரும்பாக உறைந்திருக்கும், குழி தோண்ட முடியாது. அதனால் குளிரில் போனவர்களைக் கல்லறைத் தோட்ட வாசலில் இருக்கும் கல் அறையில் வைத்து, மே மாதம் புதைப்பது வழக்கம். ஆனால் பழைய கல்லறைத் தோட்டமும் களிமண். மே மாதத்தில் குழி தோண்டினால் பாதி தண்ணீர் ஊறிவிடும். ஆகவே மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், பீன்ஸும் ஆப்பிள் பலகாரமும் தின்று முடித்த கையோடு, புதுக் கல்லறைத் தோட்டத்துக்கு இடம் தேடும் பேச்சு வந்தது.

வெண்டல் மெல்ல எழுந்தான். “சாலையோரமா என் நிலத்துல ஒரு மூலை இருக்கு. வேணும்னா எடுத்துக்கங்க.”

ஓரினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “உன் நிலத்துலயா? அங்க புதைக்கணும்னா பொணத்துக்கு முதல்ல நீச்சல் கத்துக்குடுக்கணும்யா.”

சிலர் சிரித்தார்கள். வெண்டல் சிரிக்கவில்லை. கல் அறையில் கிடந்தது அவன் அண்ணன். ஓரினின் மனைவி ஆர்லீன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

“செத்தவங்கள வைக்கணும்னா என் மேட்டு வயல் மாதிரி மண்ணு வேணும். ஆறடி தோண்டு, ஒரு கல்லு வராது. ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. இந்த ஊர்ல அதவிட்டா வேற இடம் எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்.”

கூட்டத் தலைவர் ஃப்ளாய்ட் பேனாவைத் திறந்தார். “ஓரின், இத ஒரு தீர்மானமா எழுதிக்கலாமா?”

“தாராளமா எழுதிக்க. நான் என்ன பொய்யா சொல்றேன்?”

பின்வரிசையிலிருந்து குழி வெட்டும் மெர்ல் எழுந்தான். ஈரக் களிமண்ணோடு போராடியே இடுப்பு போனவன். “நான் வழிமொழியறேன்” என்றான். அவன் குரலில் அப்படியொரு பக்தியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஃப்ளாய்ட் வாக்குக்கு விட்டார். ஊரே “ஆம்” என்றது. ஆர்லீனின் “ஆம்” கொஞ்சம் உரக்கவே கேட்டது. மேட்டு வயலுக்கு மாற்றாக, வெண்டலின் நிலத்தை ஒட்டி ஊருக்குச் சொந்தமாக இருந்த சதுப்பு வெளியை ஓரினுக்குக் கொடுப்பது என்றும் முடிவானது. மண் பரிசோதனையில் வயல் தேறாவிட்டால் தீர்மானம் ரத்து. ஓரின் வாயை மூடியபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டில் ஆர்லீன் கேட்டாள். “போய் குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டு வாங்களேன்.”

“செத்தவனுக்கு ஆறடி குடுக்காத கஞ்சன்னு பேசுவானுங்க.”

“அப்ப அந்த மண்ணு அவ்வளவு ஒண்ணும் நல்லால்லன்னு சொல்லிடுங்க.”

அந்த வாக்கியம் ஓரினின் தொண்டையை விட்டு வராது. அதற்குப் பதிலாக மண்ணையே பேசவைக்கலாம் என்று முடிவு செய்தார்.

ஏப்ரல் கடைசியில் மெர்ல் வயல் நடுவில் பரிசோதனைக் குழியை வெட்டினான். பரிசோதகர் மறுநாள் வருவதாக ஏற்பாடு. மெர்ல் அந்தப் பக்கம் போனதும், மேப்பிள் மரச் சாறு கொண்டுவரும் பெரிய தொட்டியில் ஆற்று நீரை நிரப்பி டிராக்டரில் இழுத்து வந்தார் ஓரின். மூன்று தொட்டி ஊற்றியதும் குழி விளிம்பு வரை ததும்பியது. இதைப் பார்த்து எந்த முட்டாள் நல்ல மண் என்பான் என்று நிம்மதியாகத் தூங்கப் போனார்.

விடிந்து வந்து பார்த்தால் குழி காலி. அடியில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். ஓரின் தலையில் கை வைத்துக்கொண்டார். கூடவே, வெட்கங்கெட்ட மாதிரி, ஒரு பெருமையும் வந்தது.

இனி ஒரே வழிதான். தண்ணீர் தேங்குகிற மண் சாம்பல் நிறம் பூத்திருக்கும், துருப்புள்ளி விழுந்திருக்கும். அதைத்தான் பரிசோதகர்கள் தேடுவார்கள். வாளியும் மண்வெட்டியுமாக ஓரின் வெண்டலின் வாய்க்காலுக்கு ஓடினார். முப்பது வருஷத்தில் அந்தக் களிமண்ணில் அவர் கால் வைத்தது அதுவே முதல்முறை. இரண்டாவது வாளி நிரம்பும்போது மாட்டுக்கொட்டகை வாசலிலிருந்து குரல் வந்தது.

“என்ன ஓரின், மண்ணு பத்தலையா?”

“சும்மா... அடுப்பு பூசணும்.”

“எடுத்துக்கய்யா. எங்கிட்ட நிறைய இருக்கறது அது ஒண்ணுதான்.”

பரிசோதகர் கெயில் டுபுவா, சின்ன வயதுப் பெண், கத்தியும் தண்ணீர் புட்டியுமாகக் குழிக்குள் இறங்கினாள். வேடிக்கை பார்க்க ஊரில் பாதி வந்திருந்தது. ஓரின் சாம்பல் களிமண்ணை அப்பியிருந்த குழிச் சுவரில் அவள் கத்தியை வைத்ததும் அது அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது, ஒரு நாணல் வேரோடு. பின்னால் மேலிருந்து கீழ் வரை ஒரே சீரான பழுப்பு மண்.

“ஐயா, இது என்ன களிமண்?”

ஓரின் வானத்தைப் பார்த்தார். வெண்டல்தான் பதில் சொன்னான்: “அது அடுப்பு பூசற மண்ணும்மா.”

கூட்டம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமானது. கெயில் பழுப்பு மண்ணைக் கிள்ளி, நனைத்து, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். “பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அடியில ஈரம் தெரியுது. இத்தனை வருஷமா உழறவர் நீங்க, உங்க வார்த்தைய நான் எழுதிக்கறேன். இங்க தண்ணி நிக்குமா?”

நிற்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வயல் தப்பித்துவிடும். ஆர்லீன் அவரையே பார்த்தாள். வெண்டல் பார்த்தான். முப்பது வருஷமாகத் தன் பெருமையைக் கேட்டுக் காது புளித்த ஊர் முழுக்க எதிரே நின்றது. ஓரின் வாயைத் திறந்தார்.

“நிக்குமாவா? யாரப் பாத்துக் கேக்கற பொண்ணு? நேத்து சாயங்காலம் மூணு தொட்டித் தண்ணி ஊத்தினேன். காலையில வந்து பாத்தா ஒரு சொட்டு இல்ல.”

கெயில் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். “மனுஷன் செத்தாலும் அந்த வாய் மட்டும் தனியா பேசும்” என்று முணுமுணுத்தபடி ஆர்லீன் வீட்டுக்கு நடந்தாள்.

மே நடுவில் ஏமோஸை மேட்டு வயலில் வைத்தார்கள். மெர்ல் வியர்க்காமல் குழி வெட்டி, மீந்த நேரத்தில் விசிலடித்தான். வாழ்நாள் முழுக்க ஈரக் காலோடு நடந்த ஏமோஸுக்குக் கடைசியில் காய்ந்த மண் கிடைத்தது. சடங்கு முடிந்து எல்லோரும் போனபின்னும் வெண்டல் அங்கேயே நின்றான்.

ஓரின் சடங்குக்குப் போகவில்லை. பிடிவாதமாகப் புதுச் சதுப்பு வெளியில் உழப் போயிருந்தார். இரண்டாவது சாலிலேயே டிராக்டர் அச்சு வரை இறங்கிவிட்டது. சேற்றில் நின்று சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர், முதுகை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

மேட்டின் விளிம்பில் வெண்டல் நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றி, உயரத் தூக்கி, நிதானமாக ஒரு வணக்கம் வைத்தான்.

ஓரின் அந்தத் தொப்பியைப் பார்க்கவில்லை. வெண்டலின் காலடியில் தெரிந்த மண்ணைத்தான் பார்த்தார். அது காய்ந்து வெளுத்து, இன்றைக்கே உழு என்று சொல்கிற பக்குவத்தில் இருந்தது. குனிந்து மறுபடியும் சக்கரத்தைத் தள்ளினார்.