பத்திலிருந்து பன்னிரண்டு வரை

...இதோ, இந்த முன்பதிவுத் தளம் யார் நீ என்று மறுபடியும் கேட்கிறது, இப்போதுதானே உள்ளே விட்டாய், பெயர் கொடுத்தேன், பாஸ்வேர்ட் கொடுத்தேன், தேதியைத் தொட்டதுமே திரும்ப முதல் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறாயே, மணி பத்து இருபது, மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் கண்ணெதிரே, என் மேஜையில்... அப்பா சொன்னது அப்படியே இதுதான். "உள்ள விடுதும்மா, ரெண்டு நிமிஷம் கழிச்சு யாரு நீங்கன்னு கேக்குது." நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "நீங்க லாகின் பண்ணியிருக்க மாட்டீங்கப்பா, பண்ணினதா நெனச்சுக்கிட்டிருப்பீங்க." அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் இப்போது காது சுடுகிறது. அம்மாவின் முழங்கால் பயிற்சிக்கு வாரம் இரண்டு தடவை நேரம் பிடிக்க வேண்டும், அந்த கிளினிக்குக்கு முன்பதிவுத் தளம் செய்து கொடுத்ததே எங்கள் கம்பெனிதான், என் மகள் செய்தது என்று அவர் பக்கத்து வீட்டில் எல்லாம் பீற்றிக்கொண்டார், பாவம். நேரங்கள் காலை பத்துக்குத் திறக்கும், அவர் பத்தடிக்கக் காத்திருந்து உட்காருவார். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் சாயங்காலம், ஆபீஸ் முடிந்து அப்பா வீட்டுக்குப் போய், அவர் போனை வாங்கி, மடமடவென்று நாலு தட்டு, "பாருங்க, எனக்கு வருதே!" எனக்கு வருதே... எங்கள் பிழைப்பில் இதைவிடச் சோம்பேறித்தனமான வார்த்தை உண்டா? வாடிக்கையாளர் யாராவது வந்து சொல்லியிருந்தால் ஒரு வாரம் உட்கார்ந்து தோண்டியிருப்பேன்.

பக்கத்து நாற்காலிக்காரரை நாங்கள் சாமியார் என்போம், தளம் ஓடுகிற கணினிகளான சர்வர்கள் எல்லாம் அவர் பொறுப்பு, தலை போகிற காரியத்திலும் குரல் ஏறாது. "கிளினிக்லேருந்து இன்னைக்குப் பதினோரு புகார் வந்திருக்கு, எப்ப நடந்துச்சுன்னு ஒருத்தராவது எழுதியிருக்காங்களா? நேரம் தெரிஞ்சா புடிச்சிடலாம்" என்கிறார். நேரமா... ஒருவர் எழுதியிருக்கிறார் சாமியாரே. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் எண் எழுதினவர், எதையும் நேரத்தோடு எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. என் போனில் அந்தப் பக்கத்தின் படம் இருக்கிறது, சிறு நோட்டு, நீல மை. 'பத்து பன்னிரண்டு, உள்ளே போனேன். பத்து பதினாலு, மறுபடி கேட்டது. பதினொன்று மூன்று, உள்ளே போனேன். பதினொன்று நாலு, கேட்டது.' இருபத்தேழு வரி. இதை எதற்குப் படம் எடுத்தேன்? ஞாபகமறதி டாக்டரிடம் காட்ட. அண்ணனுக்கும் அனுப்பினேன், 'அப்பா இப்படியெல்லாம் எழுதி வைக்கிறார், எனக்குப் பயமாயிருக்கு' என்று, கூடவே ஒரு அழுகிற முகம். டாக்டர் அவரைக் கடிகாரம் வரையச் சொன்னார், அழகாக வரைந்தார், பின்னாலிருந்து எண்ணச் சொன்னார், எண்ணினார், வயசுக்கு நன்றாகத்தான் இருக்கிறார் என்று டாக்டரே சொன்ன பிறகும் நான் விட்டேனா? அன்று சாயங்காலமே அவருடைய ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டேன். வாதாடுவார் என்று நினைத்தேன், பேசாமல் எடுத்து நீட்டினார். இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது.

இருபத்தேழு வரியும் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். படித்துக் காட்டியதும் சாமியார் நிமிர்கிறார். "கூட்ட நேரம்." ஆமாம், கூட்டம் ஏறும்போது மட்டும் இரண்டாவது, மூன்றாவது சர்வர் தானாகக் கிளம்பும், சாயங்காலம் ஒன்றே ஒன்றுதான், அதனால்தான் எனக்கு எப்போதும் வந்தது. ஒரு சர்வரில் நுழைந்தவர் யார் என்பது அந்த சர்வருக்கு மட்டுமே தெரியும், அடுத்த தட்டு வேறு சர்வருக்குப் போனால் அது திருதிருவென்று விழிக்கும். அப்படிப் போகாமல் ஆளை அதே சர்வரிலேயே பிடித்துவைக்க அமைப்புப் பக்கத்தில் ஒரு டிக் இருக்கிறதே, அது எங்கே? இல்லை. எடுத்துவிட்டது யார்? யார் எதை மாற்றினார்கள் என்ற பட்டியலைத் திறக்கவே தேவையில்லை, ஆனாலும் திறக்கிறேன், என் பெயர், வெள்ளிக்கிழமை, மூன்று மாதத்துக்கு முன்... எல்லா சர்வரும் பார்க்கிற பொது இடத்துக்கு நுழைந்தவர் விவரத்தை மாற்றலாம் என்று சோதனைக்காக டிக்கை எடுத்தேன், திங்கட்கிழமை திரும்பப் போட்டுவிடலாம் என்று. திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. மறந்துவிட்டேன். நான் மறந்துவிட்டேன், அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"நான்தான் சார்" என்கிறேன். "விடும்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்கிறார் சாமியார், டிக் போட அரை நிமிஷம்கூட ஆகவில்லை, புது ஆளாக உள்ளே போகிறேன், தேதி, நேரம், உறுதி, கேட்கவில்லை, இன்னொரு தடவை, கேட்கவில்லை. அவ்வளவுதான், தீர்ந்தது. தீர்ந்ததா? வராந்தாவுக்கு வந்து அப்பாவைப் போனில் கூப்பிடுகிறேன். "அப்பா, அந்த புக்கிங் தப்பு என்னோடதுப்பா. நீங்க சொன்னது அத்தனையும் சரி. நீங்க எதையும் மறக்கல." "அப்படியாம்மா... சரி, அதுக்கு ஏன் அழற?" "சாயங்காலம் சாவி எடுத்துட்டு வரேன்பா." "வேணாம்மா, உங்கிட்டயே இருக்கட்டும், எதுக்கு வம்பு." பிறகு, "ஒரு நிமிஷம் இரு" என்கிறார், மேஜை டிராயர் இழுபடும் சத்தம், காகிதம் புரளும் சத்தம். "என்னப்பா தேடறீங்க?" "நீ சொன்னத எழுதிக்கறேன்மா, இல்லன்னா மறந்துடுவேன். மணி என்ன இப்ப?" பதினொன்று ஐந்து என்று சொல்கிறேன். அந்த மேஜைக்கு நேர் எதிரே சுவரில் கடிகாரம் இருக்கிறது, நான்தான் மாட்டினேன், அவர் உட்கார்ந்தால் கண்ணில் படாமல் இருக்காது... பார்த்தும் தன் கண்ணை நம்பாமல்தான் என்னிடம் கேட்கிறாரா?