ஒரு கேள்விக்கு ஒரு மடக்கு

மூணாவது கொடத் தண்ணிய கிளியம்மா அத்தை அப்பா தலையில அப்படியே கவுத்துச்சு. கெணத்தடியில பெஞ்சு போட்டு அப்பாவ உக்கார வெச்சிருந்தாங்க. ரெண்டு பேரு தோளப் புடிச்சிகினு இருந்தும் தல மட்டும் ஒரு பக்கமா சாஞ்சுகினே இருந்துச்சு. தண்ணி மூக்குல எறங்கி, தாடைய கட்டின துணிய நனைச்சு, முட்டி வழியா ஓடி வாழைக்குப் பாஞ்சுது.

"இன்னும் ரெண்டு கொடம் மொண்டா சம்பத்து," ன்னு அத்தை சொல்லிச்சு. "எங்கண்ணன் குளிர குளிர போவட்டும்."

சம்பத்து மொண்டான். நேத்து வரைக்கும் இந்த மனுசனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். கிட்னி ரெண்டும் போச்சு, அதுக்கு மேல தண்ணி குடுத்தா நெஞ்சுல ஏறிக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. தெனம் காலையில அம்மா ஒரு சொம்புல அளந்து ஊத்தி சம்பத்து கையில குடுத்துடும். எப்ப குடுக்கணும், எவ்ளோ குடுக்கணும், எல்லாம் அவன் இஷ்டம்.

அதுலதான் அவனுக்கு ஐடியா வந்துச்சு.

ஏரோப்ளேன் கதைய அவருகிட்டேர்ந்து கறக்கற ஐடியா. சண்டை டைம்ல, நாப்பத்தி நாலுல, தாம்பரம் ஏரோட்ரோம்லேர்ந்து கெளம்புன வெள்ளக்காரன் ப்ளேன் ஒண்ணு முடிச்சூர் ஏரிக்கு அந்தாண்ட கழனியில வுழுந்துச்சு. அப்பாவுக்கு அப்ப பன்னெண்டு வயசு. எருமை மேச்சிகினு இருந்தவரு, மொதல்ல ஓடிப்போய் பாத்ததே அவருதான். வால் பக்கத்துத் தகடு ஒண்ண தாத்தா இழுத்துகினு வந்து கோழிக் கூண்டுக்கு மேல போட்டுட்டாரு. நம்பர் எழுதின தகடு. நாலு வருஷம் அதுக்குக் கீழதான் கோழி முட்ட வுட்டுச்சு. அப்புறம் காயலான் கடைக்குப் போயிடுச்சு.

நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. சம்பத்துக்கு எட்டு மாசமா இதே பைத்தியம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒண்ணுக்கு எழுதிப் போட்டான், இங்கிலாந்துலேர்ந்து டாரத்தின்னு ஒரு அம்மா பதில் போட்டுச்சு. அதோட தம்பி அந்த வருஷம் மெட்ராஸ் பக்கம் ப்ளேனோட காணாம போனவன். எங்க வுழுந்தான்னு இன்னிய வரைக்கும் தெரியாது. 'அவன் ப்ளேன் நம்பர நான் சொல்ல மாட்டேன். சொன்னா உங்க ஊர்க்காரங்க என் மேல பாவப்பட்டு அதையே சொல்லிடுவாங்க. நீங்களா கேட்டு எழுதுங்க. மூணு இலக்க நம்பரா இருக்கும். எனக்கு எழுபத்தி மூணு வயசு.'

அந்த நம்பரப் பாத்த ஒரே ஆளு கட்டில்ல கெடந்தாரு, வாய் காஞ்சு.

ஒரு கேள்விக்கு ஒரு மடக்கு. டேப் ரெக்கார்டர தலமாட்டுல வெச்சு, சொம்ப மடியில வெச்சுக்குவான். ப்ளேன் எந்தப் பக்கமா வந்துச்சு? ஒரு மடக்கு. எத்தினி எஞ்சின்? உள்ள எத்தினி பேரு? ஒரு மடக்கு, ஒரு மடக்கு. பதில்ல டவுட் இருந்தா பாதி மடக்கு.

"நீ வாத்தியாருக்குப் படிச்சிருக்கலாம்டா," ன்னு அப்பா ஒரு நாள் சிரிச்சாரு. உதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு.

நம்பர் மட்டும் வரவே இல்ல. "ஞாபகம் இல்லடா கண்ணு. ஒரே கோழிப் பீயா கெடந்துச்சு."

இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு அம்மா ரேஷன் கடைக்குப் போச்சு. அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுத்துச்சு. நாக்க வெளிய தள்ளித் தள்ளி உள்ள இழுத்துகினாரு.

"தண்ணி."

"நம்பர் சொல்லுப்பா."

"தண்ணி குட்றா."

"கைலதான் வெச்சிகினு கீறேன். நம்பர் சொல்லு, முழு சொம்பும் உனக்குத்தான். இன்னிக்குக் கோட்டா மொத்தமும்."

அப்பா கண்ணு சொம்பப் பாத்துச்சு, அவனப் பாத்துச்சு, அப்புறம் எதிர் செவுத்துல போயி நின்னுச்சு. ரொம்ப நேரம்.

"நாலு," ன்னாரு. "ஒண்ணு. ஏழு."

சம்பத்து சொம்பக் கீழ வெச்சுட்டு நோட்டுல எழுதினான். தேதி போட்டான், டைம் போட்டான். சரியா பதிவாயிருக்கான்னு டேப்ப பின்னாடி ஓட்டி ஒரு தபா கேட்டான். ஆயிருந்துச்சு. சொம்ப எடுத்துகினு திரும்புனா, அப்பா வாய் தொறந்தபடியே கெடந்தாரு, மூச்சு நின்னுபோயிருந்துச்சு. ஊத்திப் பாத்தான். காதுப் பக்கமா வழிஞ்சு தலகாணிக்குப் போச்சு.

அம்மா வந்து அழுது, தெருவே கூடிடுச்சு. பந்தல்காரருக்குச் சொல்லிட்டு வரேன்னு சைக்கிள எடுத்தவன், வர்ற வழியில மெயின் ரோட்டு தபால் பெட்டியில டாரத்திக்கு ஏரோகிராம் கடுதாசியப் போட்டுட்டுதான் வந்தான். நம்பர் 417. நேர்ல பாத்த சாட்சி சாவறதுக்கு முன்னாடி தானா சொன்னதுன்னு எழுதியிருந்தான்.

"கடைசியா இன்னாடா சொன்னாரு?" அப்பா மூஞ்சியத் தொடச்சிகினே அத்தை கேட்டுச்சு.

"ஒண்ணும் சொல்லல."

"தண்ணி கிண்ணி கேட்டாரா?"

"குடுத்தேன்."

"அது போதும்." சுத்தி நின்னவங்கள ஒரு தடவ பாத்துச்சு. "புள்ள கையால குடிச்சிட்டுதான் போயிருக்காரு."

"எத்தினி பேருக்கு கெடைக்கும்," னு பக்கத்து வூட்டு கங்கையம்மா முந்தானையால மூக்கத் தொடச்சுகிச்சு.

பாடை கட்டி முடிக்கும்போது சாலமோன் வந்தாரு. பல்லாவரத்துக் கம்பெனியில அப்பா கூட இருபத்தெட்டு வருஷம் பக்கத்து மெஷின்ல நின்னவரு. மாலையப் போட்டுட்டு அம்மாகிட்ட வந்து குனிஞ்சாரு.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. அவரு கம்பெனி டோக்கன கேட்ல திருப்பிக் குடுக்கணும். என்னத்தான் வாங்கியாரச் சொன்னாங்க."

"சம்பத்து," ன்னு அம்மா தலையத் தூக்காமயே சொல்லிச்சு. "கட்டிலுக்கு எதுர்த்தாப்ல ஆணியில பாரு. சாவி கூட தொங்கும்."

உள்ள போனான். காலண்டருக்குக் கீழ ஆணி. அதுல பெருசா ஒரு பித்தள வில்லை. சாவி எடுக்கும்போதெல்லாம் அவன் கையில பட்டிருக்கு, ஒரு நாளும் பாத்ததில்ல.

417.

கட்டில்ல உக்காந்து, தலகாணி இருந்த எடத்துல தலைய வெச்சுப் பாத்தான். நேரா தெரிஞ்சுது.

"எங்க டிபார்ட்மென்ட்ல யாரையும் பேர் சொல்லிக் கூப்ட மாட்டோம்பா," வில்லைய வாங்கி பாக்கெட்ல போட்டுகினே சாலமோன் சொன்னாரு. "நானூத்திப் பதினேழு, டீக்கு வரியான்னு கேப்போம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட அவரு சொல்ற நம்பர் அது ஒண்ணுதான். உனக்குத் தெரியாதா இன்னா."

"தெரியும்," ன்னான் சம்பத்து.

மணி மூணே முக்கால். தபால் பெட்டிய நாலு மணிக்குத் தொறப்பாங்க. அப்பவும் அவனுக்கு மொதல்ல ஓடினது அதுதான். சைக்கிள்ல பத்து நிமிஷம், தபால்காரர்கிட்ட கெஞ்சினா குடுத்துடுவாரு. இல்லன்னா அந்த அம்மா நம்பரப் பாத்துட்டு, இது என் தம்பி இல்லன்னு வேற ஊர்ல தேடப் போவும். சைக்கிள் பக்கம் ரெண்டு அடி வெச்சான். அதுக்குள்ள கொள்ளிச் சட்டியக் கையில குடுத்துட்டாங்க. மேளம் கெளம்பிடுச்சு.

சுடுகாட்டுல அப்பா மேல வரட்டி அடுக்கி, மூஞ்ச மட்டும் வுட்டு வெச்சிருந்தாங்க. தாடைக் கட்ட அவுத்தாங்க. எல்லாரும் வாய்க்கரிசி போட்டாங்க. சம்பத்து தோள்ல தண்ணிக் கொடத்த ஏத்தினாங்க. சுடுகாட்டு ஆளு ஜெயக்கொடி அருவா முனையால கொடத்துல மொத ஓட்டயப் போட்டுட்டு, "சுத்தி வாப்பா," ன்னாரு.

சம்பத்து கால்மாட்ட தாண்டினான். தலமாட்டுக்கு வந்ததும் நின்னு, உடம்ப லேசா திருப்பினான். தண்ணி நூல் மாதிரி எறங்கி அப்பா வாயில வுழுந்துச்சு.

"நடப்பா," ன்னாரு ஜெயக்கொடி. "அங்க இன்னா நின்னுகினு. இன்னும் ரெண்டு சுத்து கீது, தண்ணி பத்தாது."

அவன் நவுரல. வாயிலேர்ந்து அரிசி ஒண்ணொண்ணா மெதந்து, கன்னத்து வழியா எறங்கி, வரட்டிக்குள்ள போச்சு.