கனகமணியின் அப்பா

1962-இல் என் வீட்டுக்காரர் சேசுராஜுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அப்போது நான் மாசமாக இருந்தேன். உயிர் தப்பியது, ஆனால் அதற்கப்புறம் நடந்த எதுவும் அவர் தலையில் தங்கவில்லை. என்னைத் தெரியும், கல்யாணம் தெரியும், திருத்தங்கல் அச்சாபீசில் வேலை பார்த்தது தெரியும். பிறகு பிறந்த எங்கள் மகள் கனகமணியைத்தான் தெரியாது. தினமும் சொல்வேன். "நம்ம பிள்ளையா?" என்று கண் கலங்குவார். காப்பி குடித்து முடிப்பதற்குள் மறந்துவிடுவார். பிள்ளை பிறந்த சேதியை ஒரு மனுஷனுக்கு எத்தனை தடவைதான் சொல்வது?

நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பகலில் பக்கத்து வீட்டு மூக்கம்மாள் இருவரையும் பார்த்துக்கொண்டாள். மனுஷர் சும்மா இருக்கிறாரே என்று, தான் வீட்டில் செய்யும் தீப்பெட்டி ஒட்டுகிற வேலையை அவருக்கும் பழக்கினாள். முதலில் எல்லாம் கோணல்மாணலாக வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவளைவிட வேகமாக ஒட்டினார். "எப்பப் பழகுனீக?" என்று கேட்டால், "இந்த வேலைய நான் தொட்டதே இல்லையே" என்பார், ஒட்டிக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தீப்பெட்டி ஒட்டத் தெரியுது, பெத்த பிள்ளையத் தெரியலையா? நடிக்கீகளா?" என்று கத்தினேன். அவர் மலங்க மலங்க விழித்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "நடிப்பில்லம்மா" என்றார் டாக்டர். "நடந்ததை வைக்கிற இடம் வேற, கை பழகுறதை வைக்கிற இடம் வேற. அது மூளைக்கு அடியிலயும் பின்பக்கத்துலயும் எங்கயோ இருக்கு. அந்தப் பக்கம் நாங்களே இன்னும் சரியாப் பாக்கல."

"அப்ப பிள்ளைய எதுல வைக்க?" என்றேன். அவர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பினேன். மூக்கம்மாள் ஒட்டிய பெட்டிகளைக் கம்பெனியில் போடப் போயிருந்தாள். பல் முளைக்கிற காய்ச்சலில் இருந்த கனகமணியை இடது தோளில் சாய்த்து, முதுகில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே அவர் நடந்துகொண்டிருந்தார். அப்படித் தட்டினால்தான் அது அடங்கும். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

"பூரணி, யாரோ பிள்ளைய இங்கன விட்டுட்டுப் போயிருக்காக" என்றார் எரிச்சலாக.

"நம்ம பிள்ளைதான். குடுங்க" என்று கையை நீட்டினேன்.

கனகமணி என்னிடம் வரவில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் அதை இன்னும் இறுக்கிக்கொண்டு என்னைவிட்டு விலகி நின்றார்.

"விளையாடாத. இதோட அப்பன் வரட்டும். அவன் கையிலதான் குடுப்பேன்."